முதுமையில் தசை இழப்பு: கண்டறிவது குறித்த கேள்விகள்

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. எடை குறையவில்லை, ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போது கைகளை ஊன்றுகிறார். இது வயதின் இயல்புதானே?

பதில்: இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். தசை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை மாறாமலே இருக்கும் என்பதால், எடையை மட்டும் வைத்து சார்கோபீனியா எனப்படும் முதுமைத் தசை இழப்பு இல்லை என்று சொல்ல இயலாது. கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி, சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லி, அருகிலேயே நின்று நேரம் பாருங்கள். ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. ஐரோப்பியக் குழு 15 விநாடியைத் தாண்டினால் என்கிறது. மூட்டுத் தேய்மானத்தாலும் நேரம் கூடலாம்; அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. கை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால், நேரம் பார்க்கத் தேவையின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மருத்துவர் ஸ்கேன் எடுக்காமல், ஒரு கருவியைக் கையால் இறுக்கிப் பிடிக்க மட்டும் சொன்னார். அது போதுமா?

பதில்: தொடங்க வேண்டிய இடம் அதுதான். தசையின் அளவைவிட அதன் வலிமை விரைவாகக் குறைகிறது. முதியவர் நடமாட்டத்தை இழப்பாரா என்பதையும் வலிமையே தெளிவாகக் காட்டுகிறது. ஆசிய வரையறையில் பிடிவலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு. அதன் பிறகு, கை கால்களில் உள்ள தசையின் அளவை டெக்ஸா எனப்படும் குறைந்த அளவு எக்ஸ்-கதிர் ஸ்கேன் மூலம் கணக்கிட்டு நோயை உறுதி செய்வார்கள். வலிமையைச் சோதிக்காமல் நேரே ஸ்கேனுக்கு அனுப்புவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஏறி நின்றாலே தசையின் அளவைக் காட்டும் எடை இயந்திரத்தை நம்பலாமா?

பதில்: அது மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி உடலின் நீர்ச்சத்தைக் கொண்டு கணிப்பதால், கால் வீக்கமோ நீரிழப்போ இருந்தால் கணக்கு பிசகும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதில் ஏறக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டே வாரங்களில் கால்கள் மிகவும் தளர்ந்துவிட்டன. இதுவும் வயதால் வரும் தசை இழப்பா?

பதில்: அப்படிக் கருதிக் காத்திருக்க வேண்டாம். வயதால் வரும் இழப்பு பல ஆண்டுகளில் மெல்ல நிகழ்வது. வாரக் கணக்கில் வரும் தளர்ச்சிக்கு நரம்பு நோய், தைராய்டு கோளாறு, தசை அழற்சி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் பக்கவிளைவு எனப் பல காரணங்கள் இருக்கலாம். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்; மூச்சுத் திணறலோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ சேர்ந்திருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.