கார்ல அடிபட்டு ஒருத்தர் இறந்துட்டார், நான் கொலைகாரியா?

கேள்வி: அக்கா, போன வருஷம் ராத்திரி வேலை முடிஞ்சு நான் கார் ஓட்டிட்டு வந்தப்ப ஒரு பெரியவர் திடீர்னு ரோட்டுக்குள்ள வந்துட்டார். பிரேக் அடிச்சும் வண்டி நிக்கல. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டு போனேன், ஆனா காப்பாத்த முடியல. நான் ஸ்பீடா போகல, போன் பாக்கல, விசாரணை எல்லாம் முடிஞ்சு கோர்ட்டும் என் மேல தப்பு இல்லன்னு சொல்லிருச்சு. இருந்தும் அன்னைலேர்ந்து நான் சர்ச்ல குடுக்கற திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கல, பத்துக் கட்டளை வாசிச்சா கை நடுங்குது. என் பையனுக்கு உடம்பு சரியில்லாம போனப்ப சர்ச்ல ஒரு அம்மா "ரத்தப்பழி உங்க வீட்டு மேல இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. வேதத்தின்படி நான் கொலைகாரியா? அவர் குடும்பத்தை நான் போய் பாக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன், வேதத்தின்படி நீங்க கொலைகாரி இல்ல. ஆனா இதை நான் சொன்னா மட்டும் உங்க மனசு ஆறாதுன்னு எனக்கு தெரியும், ஏன்னா இதே வார்த்தையை கோர்ட்டும் சொல்லிருச்சு, உங்க வீட்டுக்காரரும் நூறு தடவை சொல்லியிருப்பார், அப்பவும் ராத்திரி தூக்கம் வரலதானே. அதனால வேதம் என்ன சொல்லுதுன்னு நீங்களே எடுத்து வாசிக்கிற மாதிரி சொல்றேன்.

"கொலை செய்யாதிருப்பாயாக"ங்கிற கட்டளை யாத்திராகமம் 20ல வருதுல்ல, அடுத்த அதிகாரத்துலயே, 21:13ல, பதுங்கியிருந்து கொல்லாம தற்செயலா ஒருத்தன் சாவுக்கு காரணமானவன் ஓடிப்போறதுக்கு ஒரு இடத்தை நானே ஏற்படுத்துவேன்னு தேவன் சொல்றார். பத்துக் கட்டளை குடுத்த கையோட உங்கள மாதிரி ஆளுக்கும் ஒரு வழி சொல்லியாச்சு! அதுக்கு அடுத்த வசனம் நேர் எதிரா இருக்கும், சதி பண்ணி துணிஞ்சு கொன்னவன் என் பலிபீடத்தை பிடிச்சிட்டு நின்னாலும் அங்கேர்ந்து இழுத்துட்டு போங்கன்னு. இந்த ரெண்டு பேரையும் வேதம் ஒரே தட்டுல வைக்கவே இல்ல.

இது ஏதோ போற போக்குல சொன்ன விஷயமும் இல்ல, எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20னு திரும்பத் திரும்ப வருது. எண்ணாகமத்துல அது ஒரு கோர்ட் விசாரணை மாதிரியே இருக்கும்: கையில என்ன இருந்துச்சு, இரும்பா கல்லா கட்டையா, முன்பகை இருந்துச்சா, பதுங்கியிருந்தானா, இல்ல பகையே இல்லாம ஆளைப் பாக்காமலேயே ஒரு கல்லு விழுந்து செத்துட்டாரா. ஒரே ஒரு சாட்சியை வச்சு யாருக்கும் மரண தண்டனை குடுக்கக்கூடாதுன்னும் அங்கயே இருக்கு. உபாகமத்துல ஒரு உதாரணமே குடுக்கறாங்க, ரெண்டு பேர் காட்டுக்கு மரம் வெட்டப் போறாங்க, ஒருத்தன் கோடாரியை ஓங்கறான், இரும்பு காம்புலேர்ந்து கழண்டு பக்கத்துல நின்னவன் மேல பட்டு அவன் செத்துடறான். அந்த ஆளுக்கு ஓடிப்போய் பிழைக்க வழி இருக்கு. உங்க லெட்டரை படிச்சதும் எனக்கு அந்த கோடாரிக்காரன்தான் ஞாபகம் வந்தான்.

அவன் ஓடறதுக்குத்தான் அடைக்கலப் பட்டணங்கள். மொத்தம் 6. யோர்தான் ஆத்துக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எப்ரோன், கிழக்கே பேசேர், ராமோத், கோலான். செத்தவனோட சொந்தக்காரன் ஆத்திரத்துல துரத்திட்டு வருவான், தூரம் அதிகமா இருந்தா நடுவழியிலயே பிடிச்சு கொன்னுடுவான், அதனால தேசத்தை மூணா பிரிச்சு, போறதுக்கு பாதையும் போட்டு வைங்கன்னு உத்தரவு. பரதேசியா வந்து தங்கினவனுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஊர் வாசல்ல நின்னு மூப்பர்கிட்ட நடந்ததை சொன்னா போதும், உள்ள சேத்துக்கிட்டு இருக்க இடம் குடுக்கணும்.

இப்ப அந்த அம்மா சொன்ன ரத்தப்பழிக்கு வரேன், இதுலதான் எனக்கு உண்மையிலேயே கோவம். உபாகமம் 19:10 எடுத்துப் பாருங்க. குற்றமில்லாத ரத்தம் சிந்தப்படாம, ரத்தப்பழி உன் மேல வராம இருக்கறதுக்குத்தான் இந்த பட்டணங்கள்னு இருக்கு. அங்க யாரோட ரத்தத்தை குற்றமில்லாத ரத்தம்னு சொல்றாங்க தெரியுமா, கைத்தவறி கொன்னுட்டு ஓடி வர்றவனோட ரத்தத்தை! அவனுக்கு பாதுகாப்பு குடுக்காம சாகவிட்டா பழி ஊர் மேல வரும்னு அர்த்தம். அப்ப உங்க கேஸ்ல வேதம் எச்சரிக்கிறது உங்கள இல்ல, உங்கள துரத்தறவங்களைத்தான். உள்ள சேத்து இடம் குடுக்க வேண்டிய சபையே கல்லைத் தூக்கினா நீங்க எங்க போவீங்க? அந்த அம்மா கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல, எங்கயோ கேட்டதை அப்படியே சொல்லியிருப்பாங்க. ஆனா இனிமே அந்தப் பேச்சு வந்தா இந்த வசனத்தை காட்டுங்க, இல்லன்னா உங்க பாஸ்டர்கிட்ட சொல்லி அவரைப் பேசச் சொல்லுங்க, நீங்களே தனியா சண்டை போட வேண்டாம்.

பையன் உடம்புக்கும் இதுக்கும் முடிச்சு போடறதும் அதே மாதிரிதான். தகப்பன் அக்கிரமத்தை பிள்ளை சுமக்கறதில்லன்னு எசேக்கியேல் 18ல தெளிவா இருக்கு. பிறவிக் குருடனைப் பாத்து இது இவன் பாவமா பெத்தவங்க பாவமான்னு சீஷர்கள் கேட்டப்ப ரெண்டும் இல்லன்னு இயேசு சொன்னார். இங்க சுமக்கறதுக்கு அக்கிரமமே இல்லாதப்ப பேச்சு எதுக்கு. பையனுக்கு காய்ச்சல்னா டாக்டர்கிட்ட போங்க, அவ்ளோதான்.

சரி, இதுவரைக்கும் உங்களுக்கு ஆறுதலா இருந்திருக்கும், ஆனா இன்னொரு பக்கமும் சொல்லணும், அதை விட்டுட்டா நான் வேதத்தை பாதி மறைச்ச மாதிரி ஆயிடும். கைத்தவறி கொன்னவனுக்கு குற்றம் இல்லதான், ஆனா அவன் மறுநாளே ஜாலியா வீட்டுக்கு போயிட முடியாது. அந்தப் பட்டணத்துக்குள்ளயே இருக்கணும், அப்ப இருக்கிற பிரதான ஆசாரியன், அதாவது ஆசாரியர்களுக்கெல்லாம் தலைவர், சாகற வரைக்கும். காசு குடுத்து சீக்கிரமா ஊருக்கு திரும்பவும் முடியாது, எண்ணாகமம் 35:32 அதை தடுக்குது. அதுக்கு முந்தின வசனம், வேணும்னே கொன்னவன்கிட்டயும் உயிருக்கு ஈடா பணம் வாங்கக்கூடாதுங்குது. ஏன் இவ்ளோ கண்டிப்புன்னா மனுஷன் தேவனோட சாயல்ல உண்டானவன், ஆதியாகமம் 9:6ல கொலை ஏன் தப்புங்கறதுக்கு சொல்ற காரணமே அதுதான். செத்தவன் ஏழையா பணக்காரனா, வயசானவனான்னு கணக்கே கிடையாது.

அதனால உங்க கை நடுங்குதுன்னா அது நோய் மட்டும் இல்ல தங்கச்சி, ஒரு மனுஷன் போயிட்டாரேங்கற துக்கமும் அதுல இருக்கு, அந்த துக்கம் நியாயமானது. "மறந்துடு, அவர்தானே குறுக்க வந்தார்"னு சொல்றவங்க பேச்சு உங்க மனசுல ஒட்டாம போறதுக்கு காரணம் அதுதான்னு நினைக்கிறேன். துக்கப்படுங்க. குற்றவாளியா மட்டும் துக்கப்படாதீங்க. தாவீது ராஜா தன் போர்வீரன் உரியாவை சாகடிச்சது வேற கதை, எங்க நிறுத்தினா சாவான்னு கணக்கு போட்டு லெட்டர் எழுதி அதை அவன் கையிலயே குடுத்தனுப்பினான். அப்படிப்பட்ட ஆளே நாத்தான் தீர்க்கதரிசி வந்து பேசினதும் பாவத்தை ஒத்துக்கிட்டு மன்னிப்பு வாங்கினான், 51ஆம் சங்கீதம் அதுலேர்ந்து வந்ததுதான். நீங்க அந்த சங்கீதத்தை உங்களுக்குன்னு நினைச்சு தினமும் அழுது வாசிச்சுட்டு இருந்தா கொஞ்ச நாள் நிறுத்தி வச்சுட்டு எண்ணாகமம் 35ஐ வாசிங்க.

அந்த பிரதான ஆசாரியன் செத்ததும் கைத்தவறி கொன்னவன் சொந்த ஊருக்கு போகலாம், அதுக்கப்புறம் யாரும் தொடக்கூடாது. எபிரெயர் 6ல நம்மளயும் அடைக்கலமா ஓடி வந்தவங்கன்னு எழுதியிருக்கு, அதே நிருபத்துல இயேசுவை பிரதான ஆசாரியர்னும் சொல்லுது, அவர் ஏற்கெனவே மரிச்சாச்சு. அப்ப உங்களுக்கும் வெளிய வர வழி திறந்தாச்சு, ஆனா நீங்க இன்னும் பட்டணத்து வாசலுக்கு உள்ளயே உக்காந்துட்டு இருக்கீங்க.

திருவிருந்து விஷயம் சின்னதுதான். 1 கொரிந்தியர் 11:28ல தன்னைத்தானே சோதிச்சு பாத்து அப்பத்தை சாப்பிடட்டும்னு இருக்கு, சோதிச்சு பாத்துட்டு எழுந்து போகட்டும்னு இல்ல. ஒரு வருஷமா நீங்க சோதிச்சாச்சு. அடுத்த தடவை எடுங்க, கை நடுங்கினாலும் பரவாயில்ல, பக்கத்துல யாரையாவது உக்கார வச்சுக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க லெட்டர்ல எழுதினதை நான் நம்பறேன். ஆனா உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது இருந்தா, அன்னைக்கு தூக்கக் கலக்கத்துல ஓட்டினது, பிரேக் சரியில்லன்னு முன்னாடியே தெரிஞ்சும் விட்டதுன்னு ஏதாவது, அதை மூடி வைக்காதீங்க. முட்டற மாடுன்னு தெரிஞ்சும் கட்டி வைக்காத மாட்டுக்காரனை யாத்திராகமம் 21:29 சும்மா விடல, மொட்டை மாடிக்கு கைப்பிடிச்சுவர் கட்டலன்னா விழுந்தவன் ரத்தப்பழி வீட்டு மேல வரும்னு உபாகமம் 22:8ல இருக்கு. அப்படி இருந்தாலும் அது திட்டம் போட்டு செஞ்ச கொலை ஆகாது, ஆனா அதுக்கு அறிக்கை பண்ற வழி வேற, நம்பிக்கையான ஒரு போதகர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் உக்காந்து பேசணும். அப்படி எதுவும் இல்லன்னா இந்த பத்தியை விட்டுடுங்க, இல்லாததை தோண்டி எடுக்க வேண்டாம்.

கடைசியா அந்தக் குடும்பம். போகலாம், ஆனா திடீர்னு கதவைத் தட்டாதீங்க. இன்சூரன்ஸ், நஷ்டஈடு கேஸ் ஏதாவது பாக்கி இருக்கான்னு முதல்ல வக்கீல்கிட்ட கேளுங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா, அவங்களுக்கு பாக்க விருப்பமான்னு கேட்டு விடுங்க. வேண்டாம்னா வேண்டாம்தான், அவங்க கோவத்துக்கும் உரிமை இருக்கு. சரின்னு சொன்னா, நடந்ததை விளக்கி உங்கள நிரூபிக்கப் போகாதீங்க, "என்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க"ன்னு அவங்க வாயிலேர்ந்து வார்த்தையையும் பிடுங்காதீங்க. அவரைப் பத்தி அவங்க சொல்றதை கேளுங்க. உதவி பண்ணணும்னு தோணினா கொஞ்ச நாள் கழிச்சு சத்தமில்லாம பண்ணுங்க, முதல் நாளே கவரை நீட்டினா உயிருக்கு விலை பேசற மாதிரி தெரிஞ்சிடும்.

அப்புறம் தூக்கம் வராதது, நடுக்கம், அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வர்றது, இதெல்லாம் இருந்தா ஒரு மனநல டாக்டரைப் பாருங்க, விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்து "போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துடும்"னு சொன்னப்பகூட முதல்ல அவருக்கு கிடைச்சது தூக்கமும் சாப்பாடும்தான், திட்டு இல்ல. அந்த அளவுக்கு உங்களுக்கும் நினைப்பு வந்தா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வீட்டுல சொல்லி டாக்டர்கிட்ட போயிடுங்க.