வாடகை போர்ட்டா கேபினுக்கு இன்சூரன்ஸ் யார் எடுப்பது?

முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். சேதப் பொறுப்பு உங்களுடையது என்றிருந்தால் பாலிசியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். கேபின் உரிமையாளர் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் எடுத்திருந்தாலும் உள்ளே இருக்கும் உங்கள் கம்ப்யூட்டர், மேசை அதில் அடங்காது.

தொகையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 6 லட்ச ரூபாய் கேபினைத் தீ பாலிசியில் 4 லட்சத்துக்குப் பதிந்தால், 1.5 லட்சம் சேதத்துக்கு அதே விகிதத்தில் 1 லட்சம்தான் வரும். 5 கோடி வரையிலான சொத்துக்குரிய தீ பாலிசியான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவில், இப்படிக் குறைத்துப் பதிந்தது 15% வரை இருந்தால் கணக்கில் எடுப்பதில்லை.

திருட்டுக்குத் தனி பாலிசி வேண்டும். பூட்டை உடைத்த தடயமும் கேட்பார்கள்.

கேபினை வேறு சைட்டுக்கு மாற்றுகிறீர்களா? கிரேன் தூக்கும் முன்பே டிரான்சிட் பாலிசி (கொண்டுசெல்லும்போது ஆகும் சேதத்துக்கானது) எடுத்து, புதிய முகவரியை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தீ பாலிசி பதிந்த இடத்துக்கு மட்டுமே.