எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டாம் தம்பி

வயது 27, காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன், காலையில் இடுப்பும் முதுகும் ஒரு மணி நேரம் இறுகிக் கிடக்கிறது, நடக்க நடக்கத்தான் விடுகிறது, எச்எல்ஏ பி27 என்ற மரபணு அடையாளம் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, வீட்டில் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று லேகியம் தருகிறார்கள், வேறு என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை. தேவையில்லாத இடத்தில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது, அதுதான் சிக்கல். கிருமி புகுந்தால் வெள்ளை அணுக்கள் போய் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். உங்களுக்கு இருக்கலாம் என்று நான் சந்தேகிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாத நோயில் கிருமியே இல்லாமல், தசைநாரும் எலும்பும் சேரும் இடத்தில், முதலில் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உள்ள சாக்ரோஇலியாக் மூட்டில், வீக்கம் கிளம்புகிறது. டிஎன்எஃப், ஐஎல்-17 என்ற புரதங்கள் அதை அணையவிடாமல் ஊதிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் புண்ணை ஆற்றப் போய் உடம்பு புது எலும்பை வளர்க்கிறது. அப்படியே விட்டால் சிலருக்கு வருடக்கணக்கில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகு படுத்தால் தேறும். இந்த நோயின் வலி படுத்தால்தான் கூடும். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு வலியில் விழிப்பு வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துத்தான் புரண்டு படுக்க முடிகிறதா? இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பி27 இருப்பதாலேயே நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது, அது இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. உங்கள் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் சந்தேகம் வலுக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத காலத்திலேயே எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டி, மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் மருந்து வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைதான், ஆனால் வயிறு, கிட்னி பார்த்து டாக்டர் தர வேண்டும், மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். கூடவே தினமும் உடற்பயிற்சி, அதுவும் மருந்துதான். இவை போதாவிட்டால் டிஎன்எஃப்பையோ ஐஎல்-17ஐயோ தடுக்கும் ஊசி உண்டு. அதாவது, சிகிச்சையே எதிர்ப்பைத் தணிப்பதுதான். உடம்புக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பதில் டிஎன்எஃப்புக்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியத்தை நிறுத்திவிடுங்கள், பீடி, சிகரெட் இருந்தால் அதையும்.

ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், இதே நோய் கண்ணுக்குள்ளும் வீக்கத்தைக் கிளப்பும், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.