வெள்ளத்துக்குப் பின்: படகா, ஐஸ் அறையா?

கேள்வி: மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு சேரும் பக்கத்தில் உள்ள சிறிய கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளர் நான். சென்ற வெள்ளத்தில் படகு, இயந்திரம், வலை என்று வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று போய்விட்டது. உதவ முன்வந்திருக்கும் நன்கொடையாளர் ஒருவர், மூன்று ஆண்டுக்கான பொருளாதாரத் திட்டத்தை எழுதித் தரும்படி கேட்கிறார். உறுப்பினர்களில் பாதிப்பேர் படகு வேண்டும் என்கிறார்கள். மீதிப்பேர் ஐஸ் அறை வேண்டும் என்கிறார்கள். எதை முதலில் போடுவது?

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வெள்ளத்துக்கு முன் உறுப்பினர் வீடுகளுக்கு எந்த மாதத்தில், யார் கையிலிருந்து, எவ்வளவு பணம் வந்தது, அந்த வரவு இப்போது எந்த இடத்தில் அறுந்து நிற்கிறது என்பதைத்தான் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். போன பொருட்களின் பட்டியல் பின்னிணைப்பாக வந்தால் போதும்.

காரணம் நம் கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு சிறிய கண்ணாடி இழைப் படகுகளைக் கொடுத்தன. பெயர் எழுதிப் படம் எடுத்துக்கொள்ள அதைவிட வசதியான பொருள் ஏது? சில கரைகளில் முன்பு இருந்ததைவிடக் கூடுதலான படகுகள் வந்து சேர்ந்தன. கடலுக்கே போகாதவர்களுக்கும் படகு கிடைத்தது. தொழில் தெரிந்த சிலருக்குக் கிடைக்கவில்லை. கரையோர மீன்வளமோ அதே அளவுதான். படகுகள் கூடினால் ஆளுக்கு விழும் மீன் குறையும்.

இதற்கு நேர் எதிரானது 2021 இல் நடந்தது. மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 1,486 கொள்கலன்களுடன் தீப்பற்றியது. சுனாமியைப்போலக் கரையில் நின்ற படகுகளை அது அடித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் மேற்குக் கரையில் மீன்பிடிக்குத் தடை வந்தது. பிடிபட்ட மீனை வாங்கவும் சனம் பயந்தது. படகுகள் கரையில் இருக்க, வருமானம் நின்றுபோனது. அந்த ஆண்டில் நன்கொடையாளர் ஒருவர் உங்களுக்குப் படகு கொடுத்திருந்தால், அதுவும் கரையில்தான் கிடந்திருக்கும். நட்டஈட்டை நம்பியும் திட்டம் போட முடியாது: கப்பல் தரப்பினர் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் செலுத்தும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில்தான்.

ஆகவே முதலில் ஒரு நாட்காட்டியை எடுங்கள். நம் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை சோழகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. சிறு படகுகள் பல நாட்கள் இறங்க முடியாது. மாதத் தவணைக் கடனில் வாங்கிய இயந்திரம் ஜூன், ஜூலையில்தான் கழுத்தைப் பிடிக்கும். தவணை அந்த மாதங்களில் குறைந்து, கடல் அடங்கிய பிறகு கூடும்படி இப்போதே கேட்டுப் பாருங்கள். எரிபொருள் செலவையும் திட்டத்தில் தனியாக எழுதுங்கள். 2022 ஆகஸ்டில், சிறு படகு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது நினைவிருக்கும். அப்படி ஓர் ஏற்றம் மறுபடியும் வந்தால் எத்தனை படகுகள் இறங்கும் என்று கணக்குப் போடாத திட்டம் முதல் ஆண்டைக்கூடத் தாண்டாது.

அடுத்தது முற்பணம். சங்கக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத விடயம் இது, ஆனால் என் பார்வையில் உங்கள் திட்டத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். புதுப் படகு வந்தாலும் பழைய கடன் தீராது. நன்கொடையின் பலன் போய்ச் சேருவது முதலாளியிடம். நன்கொடையில் ஒரு பகுதியைச் சங்கத்தின் சுழல்நிதியாக (கடனாகக் கொடுத்து, திரும்ப வந்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கும் பணமாக) வைத்து, மிகவும் இறுகிய கடன்களை முதலில் அவிழ்க்க முடியுமா என்று பாருங்கள். முதலாளியைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வெள்ளம் வந்த இரவில் அரிசி வாங்கப் பணம் கொடுத்தவரும் அவராகத்தான் இருப்பார்.

ஐஸ் அறைக்கு வருகிறேன். பேலியகொட மத்திய மீன் சந்தை ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. சந்தை இவ்வளவு கிட்ட இருக்கும்போது, மின்கட்டணம் கட்ட வேண்டிய ஓர் அறையைவிட நல்ல ஐஸ் பெட்டிகளும், மீனைச் சேர்த்து ஒன்றாக விற்கும் ஏற்பாடும் முதலில் பலன் தரும். அறைதான் வேண்டும் என்றால் இடத்தைப் பாருங்கள். கரையோர வலயம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர். கடலோடு சேரும் ஆறுகளில் 2 கிலோமீற்றர் வரை உள்ளே போகும். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. அத்திவாரம் போட்ட பிறகு இதைக் கேள்விப்படுவது வீண் செலவு.

2011 சுனாமிக்குப் பின் ஜப்பானில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் குழுவாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் மீளமைப்புச் செலவில் நான்கில் மூன்று பங்கு வரை அரசு மானியம் கொடுத்தது. நல்ல யோசனை, நீங்களும் ஐஸ் விற்பவர், வலை பொத்துபவர், லொறிக்காரர் எல்லோரையும் ஒரே திட்டத்துக்குள் சேர்க்கலாம். அங்கே தடுக்கியது வேறு இடத்தில்: ஆலைகள் திரும்ப எழுந்தபோது, மீன் பதனிடுவோர் பலரின் பழைய வாடிக்கையாளர்கள் வேறு ஊர்ப் பொருளுக்கு மாறிவிட்டிருந்தார்கள். உங்களிடம் வாங்கிய கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இந்த வாரமே தொலைபேசியில் பேசுங்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படகுக்காரரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. கருவாடு காயவைப்பவரின், கூடை சுமந்து மீன் விற்பவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது. பதிவில்லாதவருக்கு நட்டஈடும் இல்லை. கடைசியில் ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கையில் இருக்கும் தொழிலுக்குக் கருவாட்டுத் தட்டும் முதலீட்டுப் பணமும் கேளுங்கள்.

அவர்களின் பெயர், தொழில், நாள் வரும்படி மூன்றையும் எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் கையொப்பம் வாங்குங்கள். திட்டத்தோடு சேர்த்துப் பிரதேச செயலகத்திலும் ஒரு பிரதியைக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை போட்டுத் தரும்படி கேளுங்கள். அடுத்த முறை யாருக்கு என்ன இருந்தது என்ற கேள்வி வரும்போது அந்தத் தாள் தேவைப்படும்.