சீலிங் ஃபேன் வாங்கப் போறீங்களா? மொதல்ல கூரையைப் பாருங்க

ஏப்ரல் வெயில் ஏறினா போதும், நம்ம மலைநாட்டுலயும் ஃபேன் கேள்வி தான். பாதிப் பேரு கேக்குறது "எந்த பிராண்ட் நல்லம்"னு. அதுக்கும் பதில் இருக்கு, ஆனா கடைசில பாப்போம், ஏன்னா மாட்டுற எடம் சரியில்லன்னா எந்த பிராண்டும் உதவாது.

கேள்வி (பொகவந்தலாவையிலருந்து ஒரு தங்கச்சி): அண்ணே, நாங்க தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீட்டுல இருக்கோம். தகரக் கூரை, சீலிங் அடிக்கல. பகல்ல உள்ள இருக்கவே ஏலாது. ஹட்டன்ல ஒரு கடையில 56 இஞ்சி ஃபேன் ஓஃபர்ல போகுது, வாங்கிப் போடலாமா?

பதில்: ஓஃபர் இன்னைக்கு போனா நாளைக்கு இன்னொன்னு வரும் தங்கச்சி, மொதல்ல ஒரு டேப்பை எடுத்து தரையிலருந்து ஃபேன் தொங்கப் போற மரம் வரைக்கும் அளந்து பாருங்க. இறக்கை தரையிலருந்து கொறஞ்சது 7 அடி ஒசரத்துல சுத்தணும், இறக்கைக்கு மேலயும் ஒரு அடி கிட்ட எடம் இருந்தாத்தான் காத்தை இழுத்து கீழ தள்ளும், ஆக தொங்குற எடம் 8 அடிக்கு கொறையக் கூடாது. லயத்து காம்பராவுல முகட்டுப் பக்கம் அந்த ஒசரம் கிடைக்கும், தாழ்வாரப் பக்கம் கிடைக்காது. சில பேரு எடம் இல்லைன்னு கட்டிலுக்கு நேர் மேலயே மாட்டிடுறாங்க, புள்ளைங்க கட்டில்ல ஏறி நின்னு குதிக்கிறப்போ கை எங்க போகும்னு யோசிக்கிறதில்ல. ரெட்டை அடுக்கு கட்டில் இருந்தா அந்த காம்பராவுல சீலிங் ஃபேன் பேச்சே வேணாம்.

அடுத்தது அந்த 56 இஞ்சி. பத்துக்கு பத்து அறைக்கு 48 இஞ்சி தாராளம், அதைவிட சின்னதுன்னா 42 இல்ல 36 போதும். இறக்கை நுனிக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒன்றரை அடியாவது விடணும்.

இன்னொரு விஷயம், கடையில இதைச் சொல்ல மாட்டாங்க. ஃபேன் அறையை குளிராக்காது, நம்ம மேல காத்து படுறதால வேர்வை காயுது, அதுல தான் நமக்கு குளிர்ச்சி. சீலிங் இல்லாத தகரக் கூரைக்கு கீழ மத்தியானம் சூடான காத்து முகட்டுல தேங்கி நிக்கும், சீலிங் ஃபேனை போட்டா அந்த சூட்டைத்தான் கொண்டாந்து தலையில கொட்டும். அதனால கையில இருக்குற காசுக்கு தகரத்துக்கு அடியில பளபளன்னு இருக்குற ஃபாயில் ஷீட்டை அடிச்சுப்பாருங்க, இல்லன்னா சீலிங் அடிங்க, அதுவரைக்கும் ஒரு ஸ்டேண்ட் ஃபேனை கதவுப் பக்கமா வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி வச்சா பகல் பொழுதுக்கு அதுவே மேல்.

அதுக்கப்புறமும் மாட்டணும்னா ரெண்டு கைமரத்துக்கு நடுவுல குறுக்கா நாலுக்கு ரெண்டு இஞ்சி மரம் ஒண்ணு போட்டு, அதுல ஓட்டை போட்டு போல்ட்டு நட்டு வச்சு கொக்கியை இறுக்கணும். ஆணி அடிச்சு மாட்டுறது, கட்டுக்கம்பியில தொங்கவிடுறது எல்லாம் வேணவே வேணாம். ஃபேன் எடை என்னமோ நாலஞ்சு கிலோ தான், ஆனா அது சுத்துறப்போ ஆடிக்கிட்டே இருக்குறதால ஆணி கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வரும். அஸ்பெஸ்டஸ் கூரைன்னா ஷீட்டுல ட்ரில் போடவே கூடாது, அந்த தூசி நெஞ்சுக்குள்ள போனா பல வருஷம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும்.

பல்ப் ஹோல்டரிலருந்து வயர் இழுத்து ஃபேனுக்கு குடுக்குற பழக்கம் நம்ம பக்கம் நிறைய. அதுல எர்த் வயரே இருக்காது. வயரிங் பாஸ் (எலக்ட்ரீஷியன்) ஒருத்தரைக் கூப்பிட்டு தனி சுவிட்ச்சோட, எர்த்தோட இழுக்கச் சொல்லுங்க, அப்படியே ட்ரிப் சுவிட்ச்சுல இருக்குற டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுதான்னும் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி (கண்டி, ஒரு அக்கா): ஹோல்ல புதுசா ஐபேனல் (பிளாஸ்டிக் பேனல்) சீலிங் அடிச்சிருக்கோம். வந்த பையன் அந்த சீலிங் ஃப்ரேம்லயே ஃபேன் மாட்டலாம்னு சொல்றான். சரியா?

பதில்: கூடவே கூடாது அக்கா. அந்த ஃப்ரேம் தன் எடையைத் தாங்கத்தான் இருக்கு. ஃபேன் கம்பி சீலிங்கைத் தாண்டி மேல ஸ்லாப்புக்கோ கூரை வளை மரத்துக்கோ போகணும், நீளம் பத்தலன்னா நீளமான ரொட் தனியா வாங்கலாம். ஸ்லாப்புன்னா இரும்பு எக்ஸ்பான்ஷன் போல்ட்டு, பிளாஸ்டிக் ரோல் பிளக்குல ஸ்க்ரூ அடிச்சு முடிக்கப் பாத்தா அந்தப் பையனை டீ குடுத்து அனுப்பிடுங்க. ரொட்டுல வர்ற போல்ட்டுக்கு ஒரு வளைக்கிற பின் இருக்கும், அதை போட்டு ரெண்டு பக்கமும் விரிச்சு விட்டாங்களான்னு கீழ நின்னு பாருங்க. கூடவே ஒரு சேஃப்டி கேபிளையும் தனியா கட்டச் சொல்லுங்க.

கேள்வி (பண்டாரவளை, ஒரு டீச்சர்): பிஎல்டிசி ஃபேன்னு ஒண்ணு சொல்றாங்களே, சாதாரண ஃபேனைவிட விலை கூட. உண்மையிலயே கரண்ட் பில் கொறையுமா?

பதில்: கொறையும் டீச்சர், பிஎல்டிசின்னா சர்க்கிட் போர்ட் வச்சு ஓடுற, கரண்ட் கொறைவா இழுக்குற மோட்டர் போட்ட ஃபேன், ஆனா எவ்வளவு கொறையும்னு கணக்கு போட்டுட்டு வாங்குங்க. சாதாரண சீலிங் ஃபேன் முழு ஸ்பீட்ல 75 வாட் கிட்ட இழுக்கும், பிஎல்டிசி 30 வாட் கிட்ட. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் போட்டா மாசத்துக்கு முதலாவது 18 யூனிட், ரெண்டாவது 7 யூனிட் சொச்சம், ஆக 11 யூனிட் கிட்ட மிச்சம். இந்த 11 யூனிட் எவ்வளவு காசுன்னு உங்க பில்லைப் பாத்தாத்தான் தெரியும், ஏன்னா நம்ம ஊர் மின்சாரக் கட்டணம் படிப்படியா ஏறுற கட்டணம், 60 யூனிட்டைத் தாண்டினா முதல் யூனிட்டுலருந்தே வேற ரேட். உங்க பில் மாசா மாசம் 65, 70ல நிக்குதுன்னா அந்த 11 யூனிட் உங்களை கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடும், அங்க தான் நல்ல லாபம். பண்டாரவளைக்கு வருஷத்துல ரெண்டு மூணு மாசம் தான் ஃபேன் ஓடும்னா சாதாரணமே போதும்னு தான் நான் சொல்லுவேன், கூடக் குடுத்த காசை எடுக்க வருஷக் கணக்குல ஆகும். அதே பதுளை, மாத்தளை மாதிரி பள்ளமான சூட்டுப் பக்கம், ராத்திரி முழுக்க ஓடும்னா யோசிக்காம பிஎல்டிசி எடுக்கலாம்.

தோட்டப் பக்கம் ட்ரான்ஸ்போமர்லருந்து தூரத்துல இருக்குற வீடுகள்ல பின்னேரம் வோல்டேஜ் இறங்கும், அப்போ சாதாரண ஃபேன் ஏதோ கடமைக்கு சுத்தும். பிஎல்டிசி பெரும்பாலும் அப்பவும் அதே ஸ்பீட்ல ஓடும், பெட்டியில எத்தனை வோல்ட்டுலருந்து வேலை செய்யும்னு போட்டிருக்கும் பாருங்க. ஆனா நம்ம ஊர் இடி இருக்கே! பிஎல்டிசிக்குள்ள சர்க்கிட் போர்ட் இருக்கு, ஒரு மின்னல்ல அது போயிரும். ஏப்ரல் மாசமும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் வானம் இருட்டினா மெயினை ஓஃப் பண்ணுற பழக்கம் வேணும். சாதாரண ஃபேன்ல கண்டென்சர் போனா எந்த ஹார்ட்வெயார் கடையிலயும் ஒண்ணு வாங்கி மாத்திக்கலாம், போர்ட் போனா ஏஜென்ட்டைத் தேடி அலையணும்.

மறக்காம ஒண்ணு, பிஎல்டிசியை பழைய ரெகுலேட்டர் வழியா குடுக்கக் கூடாது, ரெகுலேட்டரைக் கழட்டிட்டு நேரா சுவிட்ச்சுல குடுக்கணும். அப்புறம் சாதாரண ஃபேன்லயும் பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருந்தா ஸ்பீடைக் கொறைக்கிறதால பெருசா மிச்சம் இல்ல, அந்தப் பெட்டியே சூடாகி கரண்ட்டைத் தின்னும்.

கேள்வி (நுவரெலியா, ஒரு தம்பி): புது வீடு கட்டுறோம், எல்லா ரூமுக்கும் சீலிங் ஃபேன் போடவா?

பதில்: 1,868 மீட்டர் ஒசரத்துல உக்காந்துகிட்டு எதுக்கு தம்பி! ஹோல்ல மட்டும் ஸ்லாப் போடுறப்போவே கம்பியோட சேத்து ஒரு கொக்கியும் ஒரு வயர் பைப்பும் விட்டு வைங்க, பிறகு தேவைப்பட்டா மாட்டிக்கலாம். மழைக் காலத்துல உடுப்பு காய ஒரு மேச ஃபேன் போதும். குசினியில விறகு அடுப்பு இருந்தா அங்க எக்சோஸ்ட் ஃபேன் தான் சரி, சீலிங் ஃபேன் புகையை வீடு பூரா பரப்பி விடும்.

கேள்வி (நாவலப்பிட்டி, ஒரு அண்ணன்): வாங்கி ஒரு வாரம் ஆகல தம்பி, ஃபேன் ஆடுது, சத்தமும் வருது. கடைக்காரர் "விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்"னு பில்லுலயே போட்டிருக்கு பாருங்கன்றாரு.

பதில்: அண்ணே, சண்டைக்குப் போக முன்ன ஏணியில ஏறி ரெண்டு வேலை பண்ணுங்க, மெயினை ஓஃப் பண்ணிட்டு. இறக்கை ஸ்க்ரூ எல்லாம் ஒரே மாதிரி இறுகியிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் சீலிங்குக்கும் எவ்வளவு தூரம்னு டேப்பால அளங்க, ஒரே எடத்துல டேப்பைப் பிடிச்சுகிட்டு இறக்கையை ஒவ்வொண்ணா சுத்தி கொண்டு வந்து அளந்தா சரி. ஒண்ணு மட்டும் வித்தியாசமா இருந்தா அது வளைஞ்சிருக்கு, இல்ல வேற பெட்டி இறக்கை கலந்திருக்கு. இறக்கை எல்லாம் எடை பாத்து செட்டா தான் வரும், கடையில பெட்டி பிரிச்சு காட்டுறப்போ மாறிப் போறது உண்டு. கையால வளைச்சு சரி பண்ணப் பாக்காதீங்க, செட்டையே மாத்திக் கேளுங்க.

பழுதான சாமானை வித்துட்டு பில்லுல ஒரு வரி எழுதினா கடைக்காரர் பொறுப்பு தீந்துறாது. பில், வொரண்டி கார்ட் ரெண்டையும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு மறுபடி ஒருக்கா தன்மையா கேளுங்க, சரிவரலன்னா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிங்க, எழுத்துலயும் முறைப்பாடு குடுங்க, நாளைக் கடத்தாம. பில் கேட்டா குடுக்க வேண்டியது கடைக்காரர் கடமை, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க சட்டத்துலயே இருக்கு.

கடைசியா அந்த பிராண்ட் கேள்வி. கேடிகே, பானசோனிக், ஒரேஞ்ச், சிங்கர்னு நம்ம கடைகள்ல இருக்குறது எதுவா இருந்தாலும், வாங்க முன்ன "இதுக்கு சர்விஸ் எங்க, பார்ட்ஸ் இந்த டவுன்ல கிடைக்குமா, வொரண்டி மோட்டருக்கு மட்டுமா ரிமோட்டுக்கும் சேத்தா"ன்னு கேளுங்க. வொரண்டி கார்ட்ல சீல், திகதி, சீரியல் நம்பர் மூணும் விழுந்த பிறகு காசைக் குடுங்க.