ஓடாமல் நிற்கிற பம்பின் பேரிங் எப்படிப் போகும்?

கேள்வி இதுதான்: குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட், ஸ்டாண்ட்பை பம்பை மாதக்கணக்கில் ஓட்டவே இல்லை, ஆனால் தேவைப்பட்டு ஓட்டிய கொஞ்ச நாளிலேயே பேரிங் இரைகிறது. பக்கத்தில் ஓடும் கம்ப்ரசரின் அதிர்வு கிரீஸ் படலத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும். அதுவும் ஓடுகிற மெஷினைவிட நிற்கிற மெஷினில்தான் அதிகமாகக் கெடுக்கும். நான் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடி (காற்றாலை) மெயின்டனன்ஸ் பார்க்கிறவன், எங்களுக்கு இது பழகிய தொல்லை.

பேரிங் சுற்றும்போது உருளைக்கும் ரேஸுக்கும் (உருளைகள் ஓடுகிற வளையம்) நடுவில் இருக்கிற, கிரீஸிலிருந்து வரும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அந்த இடுக்கில் அழுத்தம் நாம் சுவாசிக்கிற காற்றின் அழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு வரை ஏறும், எண்ணெயும் அங்கே கிட்டத்தட்ட கெட்டியாகி விடுவதால் சட்டென்று வெளியே பிதுங்காது. அதனால் சுமை இரட்டிப்பானாலும் படலம் பத்து சதவீதத்துக்கு மேல் மெலியாது. ஆனால் வேகம் பாதியானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதாவது படலத்தைப் பிடித்து வைத்திருப்பது சுழற்சி. ஓடும்போது அதிர்வு வந்தால் கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. சுமை ஏறி இறங்கும்போது உருளைகள் உருளாமல் சறுக்கும், ரேஸில் தேய்த்த தடம் விழும். ஆனாலும் படலம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

நிற்கும்போது கதை வேறு. ஷாஃப்ட் சுற்றாது, ஆனால் தரை வழியாக வரும் அதிர்வில் உருளை இருந்த இடத்திலேயே மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் ஆடும். முதல் கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த எண்ணெய் ஒதுங்கிவிடும், திரும்ப இழுத்துக்கொண்டு வரச் சுழற்சி இல்லை. இரும்பும் இரும்பும் உரசி, உதிர்கிற துகள் காற்றுபட்டுச் சிவப்புத் தூளாகி, அந்தத் தூளே உப்புத்தாள் மாதிரி மேலும் அராவும். ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகளில் இதே பள்ளங்களை அமெரிக்காவில் 1930களிலேயே பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்தச் சிவப்புத் தூளைப் பார்த்ததும் எந்த ஃபிட்டரும், "உப்புக்காத்து அடிச்சு துரு புடிச்சிட்டு, வேற ஒண்ணும் இல்ல கேட்டியளா" என்பார். கடலோரத்தில் அது எளிதான தீர்ப்பு. பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். உப்பில் வந்த துரு கண்ட இடத்திலெல்லாம் படரும். அதிர்வில் வந்தது உருளைகள் நின்ற அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளம் போட்டிருக்கும். அடித்து மாட்டியதால் விழுந்த பள்ளமா என்ற சந்தேகமும் வரலாம்; அதில் அடியில் தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த பழைய கிரைண்டிங் கோடுகள் அப்படியே தெரியும், இதில் கோடுகளும் சேர்ந்தே அழிந்திருக்கும்.

கியரும் இதற்குத் தப்பாது. காற்று சீசன் முடிந்த பிறகு பழைய காத்தாடிகளை பிரேக் போட்டு நிறுத்தினால், இறக்கைகள் காற்றில் லேசாக அசைய அசைய, கியர்பாக்ஸுக்குள் பற்கள் தங்களுக்கு நடுவில் இருக்கிற சிறு இடைவெளிக்குள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். எண்ணெய் தெறித்து மேலே வரவும் வழியில்லை. அதனால் பாதுகாப்புக்குத் தேவையில்லாத நேரத்தில் பிரேக்கை எடுத்துவிட்டு மெதுவாகச் சுற்ற விடுவதுதான் நல்லது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: வாரம் ஒரு முறை இரண்டு பம்புகளையும் மாற்றி ஓட்டுங்கள். முடியாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு கப்ளிங்கை (மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற பாகம்) கையால் சில சுற்று சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி விடுங்கள். கெட்டி கிரீஸ் போட்டால் தாங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வேலைக்கு எண்ணெயைத் தாராளமாகக் கசியவிட்டு, உரசிய இடத்துக்குத் தானாக வந்து சேர்கிற இளகலான கிரீஸ்தான் உதவும், அந்தந்த பம்புக்கு எது ஒத்துவரும் என்று கிரீஸ் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அப்புறம், கம்ப்ரசரும் பம்பும் ஒரே கான்கிரீட் மேடையில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் பம்புக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் பேட் போடாமல் புது பேரிங் மாட்டுவது வீண் செலவு.