மரீன் லெ பென் - அப்பாவும் மகளும்: கேள்வி பதில்

அண்ணா, பிரான்ஸ்ல மரீன் லெ பென் சொந்த அப்பாவையே கட்சிய விட்டு தூக்கிட்டாங்களாமே, நிஜமா?

நிஜம்தான்மா. 1972லேர்ந்து அவங்க அப்பா ழான் மரி லெ பென் தலைமைல இருந்த நேஷனல் ஃப்ரண்ட்ங்கற தீவிர வலதுசாரி கட்சி 2011 ஜனவரில மகள் கைக்கு வந்துச்சு, அதுவும் கோல்னிஷ்னு கட்சியோட பழைய ஆளோட மோதி மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கித்தான், அப்பாவும் மகள் பக்கம்தான் நின்னார். 2015 ஆகஸ்ட்ல அவரையே நீக்கியாச்சு, அப்ப அவருக்கு 87 வயசு.

அப்படி என்ன பண்ணிட்டார்?

நாஜிகளோட விஷவாயு அறைங்க போர் வரலாற்றுல ஒரு சின்ன விவரம்னு 1987லயே பேசி கோர்ட் வரைக்கும் போனவர். 2015 ஏப்ரல்ல டிவில கேட்டா மறுபடி அதேதான், அடுத்த சில நாள்ல ரெண்டாம் உலகப்போர்ல நாஜிகளுக்கு ஒத்துழைச்ச பிரெஞ்சு தலைவர் பெத்தானுக்கு வக்காலத்து வேற. அத்தனை உயிர் போன இடத்த சின்ன விவரம்னு சொல்ற மனுஷன எப்படி மன்னிக்கறது, என்னால முடியாது. மகளுக்கு இதுக்கு மேல ஓட்டுக் கணக்கும் இருந்துச்சு. 2002 அதிபர் தேர்தல்ல அப்பா ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் வந்தும் 18 சதவீதத்த தொடல, அவர தோக்கடிக்க அப்ப அதிபரா இருந்த ஷிராக்குக்கு அவரோட எதிர்க்கட்சிக்காரங்களும் சேந்து 82 சதவீதம் போட்டாங்க. அந்த கெட்ட பேர் போகாம ஆட்சிக்கு வர முடியாதுன்னு மகளுக்கு நல்லா தெரியும்.

வளர்த்த கடா மார்ல பாஞ்ச கதைதானே சார் இது?

பாய சொல்லிக்குடுத்தது யாருங்க? 1998ல கட்சியோட ரெண்டாவது ஆளா இருந்த மெக்ரே கட்சிய ஒடைச்சப்ப மூத்த மகள் அந்த பக்கம் போயிட்டாங்க, பெத்த பொண்ணுன்னும் பாக்காம வருஷக்கணக்கா ஒதுக்கி வெச்சவர் இவர். கட்சியா பிள்ளையான்னா கட்சிதான்னு மரீன் கத்துக்கிட்டது அந்த வீட்லதான். அப்பாவ குறி வெச்சு 1976ல வீட்ல குண்டு வெடிச்சப்ப மரீனுக்கு 8 வயசு, அவங்க அரசியல பாத்ததே அப்படித்தான்.

பூனை கதை உண்மையாண்ணே?

உண்மைதான். பாரிஸ் பக்கத்துல சேன் க்ளூல மோன்த்ரதூன்னு குடும்ப பங்களா, மரீனும் அதே காம்பவுண்டுல இருந்தாங்க. 2014ல அப்பாவோட டோபர்மேன் நாய் மகளோட பூனைய கொன்னுடுச்சு, அதோட பெட்டிய கட்டிட்டு வேற வீட்டுக்கு போயிட்டாங்க. நீக்கம் நடந்தது அடுத்த வருஷம்.

அவர் கேஸ் போடலையா?

போட்டார். நீக்கினது செல்லும், ஆனா கௌரவ தலைவர் பதவிய பறிக்க முடியாதுன்னு 2016ல தீர்ப்பு. 2018 மார்ச்ல மகள் அந்த பதவியே இல்லாம பண்ணிட்டாங்க, ஜூன்ல கட்சி பேரையும் மாத்தியாச்சு. இவ்வளவுக்கும் நடுவுல 2017 தேர்தல் செலவுக்கு அப்பாவோட அமைப்புலேர்ந்துதான் 60 லட்சம் யூரோ கடன், அத வாங்கவும் செஞ்சாங்க.

கடைசில சேந்தாங்களா?

2018ல அவரோட 90வது பிறந்தநாளுக்கு போனாங்க, பேச்சு திரும்ப வந்துச்சு. 2022 அதிபர் தேர்தல் ரெண்டாவது ரவுண்டுல மகள் 41 சதவீதம் வாங்கினாங்க, அப்பா கனவுலகூட பாக்காத நம்பர். 2025 ஜனவரி 7 அவர் போனப்ப மகள் இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்கு சொந்தமான மாயோத் தீவுலேர்ந்து திரும்பி வந்துட்டு இருந்தாங்க, வழில விமானம் நைரோபில நின்ன எடத்துலதான் சேதி தெரிஞ்சுது. சில நாள் கழிச்சு ஒரு பேட்டில, அப்பாவ நீக்கினதுக்கு என்னை நானே மன்னிக்கவே மாட்டேன்னு சொன்னாங்க.